முதலில் தண்ணீர்: சிவகாசிப் பக்கம் ஒரு வாரம்

விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பூக்காரம்மா என்னைத் திட்டத் தொடங்கிவிட்டார். என் தோள்பையிலிருந்து ஒரு குழந்தையின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலை பைக்குள்.

"பச்சப்பிள்ளைய இப்படித்தான் தூக்கிட்டு வருவாகளாம்மா? மூச்சு முட்டிரப் போகுது."

பையைத் திறந்து ரப்பர் பொம்மையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். அவர் அதன் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டில் பிள்ளைக்குச் சூடு பட்டாலோ தொண்டையில் ஏதாவது சிக்கினாலோ ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாய்மார்கள் என்ன செய்ய வேண்டும் என்று காட்டித்தர வந்திருக்கிறேன் என்றேன். அதற்குள் சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் கையில் வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். திட்டு வாங்கினாலும் பூவோடு ஊருக்குள் நுழைந்தேன்.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் அந்த நகரத்து மருத்துவமனையொன்றில், குழந்தைகள் அவசரப் பிரிவில் தாதி. நர்ஸை எங்கள் பக்கம் தாதி என்றுதான் சொல்லுவோம். இத்தனை வருடம் அந்த வேலையைப் பார்த்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது: எங்கே போனாலும் என் கண் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகாது. தவழும் பிள்ளை எதைப் பிடித்து இழுக்கும், எதை வாயில் போடும், எதில் தலைகுப்புற விழும் என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். கோபுரத்தைக் காட்டினால் அதன் கீழே மூடாமல் கிடக்கும் தண்ணீர்த் தொட்டிதான் எனக்குத் தெரியும். என்னோடு ஊர் சுற்ற வருகிறவர்கள் பாவம்.

இந்த முறை அந்தப் பாவம் ஜோதிக்கு வாய்த்தது. ஜோதி தாயில்பட்டிப் பக்கம் கிராம செவிலியர். இணையத்தில் நான் நடத்திய வகுப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு, இதை எங்கள் பெண்களிடம் நேரில் வந்து காட்டுங்கள் என்று விடாமல் நச்சரித்தார். மூன்று ஊர்களில் வகுப்பு என்று அவரே முடிவும் செய்துவிட்டார். வருட விடுப்பை வேறெதற்கும் செலவழிக்காமல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அன்று மாலையே என்னைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவள் நான், புரோட்டா எனக்குப் புதிதா என்ற மிதப்பில் உட்கார்ந்தேன். விருதுநகர்ப் புரோட்டா எண்ணெயில் பொரித்து வந்தது. கடைக்காரர் அதை இலையிலேயே நொறுக்கிப் போட்டு, நான் போதும் என்று சொன்னதைக் கேட்காமல் சால்னாவை ஊற்றினார். ஊறின பக்கம் ஒரு ருசி, ஊறாத பக்கம் ஒரு ருசி. என் மிதப்பெல்லாம் அந்தச் சால்னாவிலேயே கரைந்து போனது. கல்லுக்குப் பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜோதி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் தாயில்பட்டிக்கு ஜோதியின் ஸ்கூட்டரில் போனோம். பாதி வழியில் பின்சக்கரம் காற்று இறங்கி உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் கரிசல் காடு, சீமைக்கருவேல மரம், நல்ல வெயில். எங்கள் ஊரில் என்றால் மத்தியானமானால் மழை வந்துவிடும், இங்கே மேகத்தின் சுவடே இல்லை. ஒரு லோடு வண்டி நின்றது. பின்னால் முழுக்க வெற்று அட்டைப்பெட்டிகள், பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற லோடு. ஓட்டுநர் ஸ்கூட்டரைப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த கடையில் விடச் சொல்லிவிட்டு எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். சீசன் தொடங்கிவிட்டது, ஆர்டர் நெருக்குகிறது, இறக்கின கையோடு திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எங்களை வகுப்பு நடக்கும் அங்கன்வாடி வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுவிட்டுத்தான் போனார். அவருக்கு அது வழியே இல்லை என்று பிறகு ஜோதி சொன்னார்.

பெண்கள் வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். கை கால் கழுவி, துணி மாற்றித்தான் வந்திருந்தார்கள், ஆனாலும் நகக்கண்ணிலும் காது மடலிலும் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் மிச்சம் இருந்தது. மடியில் பிள்ளைகள். என் பேச்சைக் கேட்டதும் முதல் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. சிலோனா என்றார்கள், மலேசியா என்றேன். பூர்வீகம் எந்த ஊர் என்றார்கள், தெரியாது என்றேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அவர்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை, என் மூக்கை வைத்து வெம்பக்கோட்டைப் பக்கம்தான் என்று அங்கேயே முடிவு செய்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பாடத்தை நான் கேள்வியோடு தொடங்குவது வழக்கம். பொம்மையை நடுவில் வைத்தேன். வடிகஞ்சி இதன் கையில் கொட்டிவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள், யாராவது வந்து காட்டுங்கள் என்றேன். உலகத்தில் எங்கே கேட்டாலும் பற்பசை, பேனா மை, தேங்காய் எண்ணெய், இட்லி மாவு என்று பதில் வரும். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன். இங்கே நடந்தது வேறு. எழுந்து வந்தவள் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பொம்மையின் கையை ஈரமில்லாமல் ஒத்தி ஒத்தித் துடைத்தாள், பிறகு அதே துண்டால் இறுக்கிச் சுற்றினாள். அடுத்து வந்தவளும் அப்படியே. மூன்றாமவளும். மையும் பற்பசையும் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நான் சொன்னதும் அறையில் பேச்சு நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஊற்ற வேண்டும் என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது, எது என்று புரியவில்லை. பின்வரிசையில் ஒல்லியாக ஒருத்தி, மடியில் ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தவள், மெதுவாகச் சொன்னாள்.

"தீக்காயத்துல தண்ணி படலாமா டீச்சர்? எங்க கம்பெனில ஈரக் கையோட ரூமுக்குள்ள நொழைய விட மாட்டாக. மருந்துல சொட்டுத் தண்ணி பட்டாலும் சூடேறிப் பத்திக்கிடும்."

பட்டாசுக்குக் கலக்கும் வெடியுப்புக் கலவையை இங்கே மருந்து என்பார்கள். அதில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், அது உண்மைதான். அதனால் மழை நாளில் வேலையை நிறுத்துகிறார்கள், அறை வாசலில் மணல் வாளி வைக்கிறார்கள். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பெண்களுக்கு நெருப்பு என்றால் ஈரத்தைத் தள்ளி வை என்பதுதான் பாடம். அந்தப் பாடம்தான் அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. வீட்டில் பிள்ளை மேல் கஞ்சி கொட்டும்போதும் கை தானாக உலர்ந்த துணியைத் தேடுகிறது. போதாததற்குத் தண்ணீர் பட்டால் கொப்பளம் போடும் என்ற நம்பிக்கை வேறு.

அங்கேயே உட்கார்ந்து பாடத்தை மாற்றினேன். ஜோதியும் நானும் பேசி இப்படி வைத்தோம்: மருந்துத் தூள் உடம்பில் இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, போட்டிருக்கும் துணியைக் கழற்றிவிட்டு, பிறகு தண்ணீர், நிறையத் தண்ணீர். வீட்டில் கஞ்சியோ பாலோ வெந்நீரோ கொட்டினால் தட்டுவதும் இல்லை, ஒத்துவதும் இல்லை, நேரே தண்ணீர். கொப்பளம் தண்ணீரால் வருவதில்லை, உள்ளே போன சூட்டால் வருகிறது. அந்தச் சூட்டை வெளியே எடுக்கத்தான் அத்தனை நேரம் ஊற்றுகிறோம். பிறகு சுத்தமான துணியை லேசாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஊற்றிக் காட்டத் தண்ணீர் வேண்டுமே. அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வந்து நாளாகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் நாலு பெண்கள் எழுந்து போய் அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு குடம் தூக்கி வந்தார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீர். ஈப்போவில் நான் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பேன். இங்கே ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும் என் கை கூசியது. கீழே ஒரு அண்டாவை வைத்து, விழுந்த தண்ணீரையே மறுபடி மொண்டு ஊற்றலாம் என்று காட்டியபோதுதான் அவர்கள் முகம் தெளிந்தது. இருபது நிமிடம் என்பதற்கு மணி பார்க்க முடியாதே என்று ஒருத்தி கேட்டாள். உலையில் அரிசி போட்டதிலிருந்து சோறு வேகிற நேரம் என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்குமேல் நல்ல கணக்கு எனக்குத் தெரியாது, அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொடுக்கிறேன். மிஞ்சிய தண்ணீரில் அங்கன்வாடி முருங்கை மரமும் நனைந்தது.

எல்லாரும் போன பிறகும் அந்த ஒல்லிப் பெண் போகவில்லை. பெயர் பாண்டிச்செல்வி, செல்வி என்றே கூப்பிடுகிறார்கள். மகன் கவினின் வலது கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்பக்கமாக மடங்கி இருந்தன.

"அன்னைக்கே தண்ணி ஊத்தியிருந்தா இந்த வெரலு நேரா இருந்திருக்குமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு ஆகியிருக்காது என்றேன். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீ கற்ற பாடத்தைத்தான் நீ செய்தாய் என்றும் சொன்னேன். இந்த விரல்களை அறுவை செய்து பிரிக்க முடியும், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப் போவதாக ஜோதி அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள் செல்வி. கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும், மலேசியாவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் கிடைக்காத ருசி. சோறு வடிக்கும்போது கவினை வெளியே விட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். அதைத் தினமும் செய்கிறாள் போலிருக்கிறது, தாழ் தேய்ந்து பளபளத்தது. சாப்பிடும்போதுதான் மிச்சக் கதையைச் சொன்னாள். வடிகஞ்சி கொட்டிக் கவினுக்குக் கை வெந்தபோது அவன் தங்கை யாழினி ஆறு மாதக் குழந்தை. கணவனின் அக்கா திருத்தங்கலில் இருந்து வந்தவர், வெந்த கையையும் அதில் செல்வி சுற்றி ஒட்டிப்போன துணியையும் பார்த்துவிட்டு, இவள் கையில் பிள்ளை தங்காது என்று சொல்லி யாழினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கணவன் லாரியில் வெளியூர் போகிறவர், தன்னை வளர்த்த அக்கா பேச்சைத் தட்ட மாட்டார். யாழினிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். போன வாரம் அவளைப் பார்த்ததும் பிள்ளை அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டதாம்.

"கிளாஸ் முடிச்சதுக்கு ஒரு பேப்பர் குடுப்பீகளா டீச்சர்? மதினிட்டக் காட்டணும். எனக்குப் பிள்ள வளக்கத் தெரியும்னு அதுல எழுதியிருக்கணும்."

என்னிடம் அப்படி ஒரு காகிதமும் இல்லை. இருந்தாலும் அது செல்லுமா என்பது சந்தேகம். நேரில் போய்ப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன பேசுவது என்ற பயம் வந்தது. அடுத்தவர் குடும்பத்துப் பஞ்சாயத்தில் தலையிட விமானம் ஏறி வந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது ஊரான நாரணாபுரத்து வகுப்பில் சிரிப்பு அதிகம். தொண்டையில் கடலை சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டதும் பாதிப் பேர் பொம்மையின் உச்சந்தலையில் தட்டினார்கள். தலையில் தட்டினால் கடலைக்கு எப்படித் தெரியும் என்றேன். குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவில் தட்டுவதை ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்கள். பாம்பு மாத்திரையை மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போடுவதைப் பற்றியும், அரை வாளித் தண்ணீரிலேயே பிள்ளை மூழ்கிவிடும் என்பதைப் பற்றியும் பேசினோம். கஞ்சிக் கேள்விக்கு இங்கேயும் அதே உலர்ந்த துணிதான் வந்தது, ஒருவர்கூட மாறவில்லை. வகுப்பு முடிந்ததும் என் பூர்வீகம் நாரணாபுரம்தான் என்று நிரூபித்து, ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த நாள் ஜோதிக்குத் தடுப்பூசி வேலை. தனியாகத் திருத்தங்கல் போகிறேன் என்று வீரமாகக் கிளம்பி, வேறு பேருந்தில் ஏறி, சாத்தூரில் போய் இறங்கினேன். நடத்துநர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். காராச்சேவுக் கடை எது நல்லது என்று காட்டி, வாங்கும்வரை நின்று, எதிரில் கிளம்பிய வண்டியின் நடத்துநரிடம், "ஏலே, இந்தச் சிங்கப்பூர் அம்மாவச் சரியா எறக்கி விடு" என்று என்னை ஒப்படைத்தார். மலேசியா என்று திருத்தலாமா என்று யோசித்தேன். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும்போது நாடு எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். வழி நெடுக என் பொம்மை ஒரு அக்கா மடியில் உட்கார்ந்து வந்தது.

திருத்தங்கலில் அச்சகங்கள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் சண்முகத்தாயின் வீடு. செல்வியின் நாத்தனார். பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறைக்கே பொறுப்பு, கணீரென்ற குரல். எனக்குள் ஒரு வில்லியை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே நான் கண்டது எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, நல்ல போஷாக்கான ஒரு பெண் குழந்தை. என் மூன்றடிக் கண்ணால் வீட்டை அலசினேன். அடுப்பு உயரத்தில் இருந்தது, மண்ணெண்ணெய் பரணில் இருந்தது, வாளியெல்லாம் கவிழ்த்துக் கிடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. காபி கொடுத்தார், முறுக்குக் கொடுத்தார், வந்த விஷயத்தை நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நான் கெட்டவ இல்லம்மா. செல்வி மேல எனக்கு என்ன வெரோதம்? ஒரு பிள்ளைக்குக் கை போச்சு. ரெண்டாவதும் போனா எந்தம்பி மூஞ்சில எப்படி முளிப்பேன்?"

அவர் பயமும் உண்மையான பயம்தான். மறுநாள் அதே தெருக் கோடியில் வகுப்பு, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். இருபது வருடமாகத் தீயோடு இருக்கிறவளுக்கு நீங்கள் தீயைப் பற்றிச் சொல்லித்தரப் போகிறீர்களா என்று சிரித்தார். ஆனாலும் வாசல் வரை வந்து, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. செல்வி தாயில்பட்டியிலிருந்து கவினைக் கூட்டிக்கொண்டு வந்து, பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சண்முகத்தாயும் வந்தார், இடுப்பில் யாழினியோடு, முன் வரிசையில். இருவரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டதோடு சரி. ஜோதி என் கையைக் கிள்ளினார்.

வழக்கம்போல் பொம்மையை நடுவில் வைத்தேன். கஞ்சி எங்கே விழுகிறது என்று தெரிவதற்காகத் தண்ணீரில் மஞ்சள் கலந்து வைத்திருந்தோம். அதைப் பொம்மையின் கையில் ஊற்றிவிட்டு, யார் வந்து காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். யாரைக் கூப்பிடலாம் என்று நான் யோசிப்பதற்குள் சண்முகத்தாய் யாழினியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரைக் கூப்பிடும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்திருக்காது.

அவர் கை மின்னல் மாதிரி வேலை செய்தது. முந்தானையை இழுத்தார், பொம்மையின் கையை ஒத்தினார், ஈரம் போகப் போக வேறு மடிப்பை எடுத்து ஒத்தினார். மேசையில் கிடந்த துண்டை எடுத்து விரலெல்லாம் சேர்த்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். இனி மை தடவினால் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அவர் கண் பொம்மையின் சுற்றப்பட்ட கையில் இருந்தது. பிறகு சுவரோரம் போனது. கவின் அம்மாவின் தோளில் கை போட்டுச் சாய்ந்திருந்தான், அந்த மடங்கின இரண்டு விரல்களும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

சண்முகத்தாய் முடிச்சை அவிழ்க்க முயன்றார். இறுக்கிப் போட்டிருந்ததால் நகம் வைத்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"இது தப்பாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

தப்பில்லை, கம்பெனியில் கற்ற பழக்கம், நான் போன ஊரிலெல்லாம் எல்லாரும் இதையேதான் செய்தார்கள் என்றேன். வீட்டில் மட்டும் முதலில் தண்ணீர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கூடத்துக்கே கேட்கிற அந்தக் குரலை இறக்கிச் சுவர்ப் பக்கம் பார்த்துப் பேசினார்.

"செல்வி, நான் அங்கன இருந்திருந்தாலும் இதத்தானத்தா செஞ்சிருப்பேன்."

செல்வி எழுந்து நின்றாள், என்ன செய்வதென்று தெரியாமல். நீ வந்து சரியான முறையைக் காட்டு என்று ஜோதிதான் கூப்பிட்டார். அவள் வந்து அண்டாவை இழுத்து வைத்தாள், குடத்துத் தண்ணீரை அதில் சாய்த்தாள். பொம்மையை யாராவது பிடிக்க வேண்டும். நான் கை நீட்டுவதற்குள் சண்முகத்தாய் தரையில் உட்கார்ந்து பொம்மையை மடியில் போட்டு, அதன் கையை அண்டாவுக்கு மேலே நீட்டிப் பிடித்தார். செல்வி செம்பில் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.

நான் பேச வேண்டிய வகுப்பு அது. அதை அவர்கள் இருவருமே நடத்தினார்கள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும். யாழினி பக்கத்துப் பெண்ணிடமிருந்து நழுவி வந்து, அண்டா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, விழும் தண்ணீருக்குக் கீழே கையை நீட்டினாள். செல்வி ஒரு செம்பு அந்தப் பிஞ்சுக் கையிலும் ஊற்றினாள். பிள்ளை சிரித்துவிட்டு இன்னும் என்றது. வேலை முடிந்து களைத்து வந்த பெண்கள் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இந்த மாதிரி ஒரு நேரத்தில் அங்கே இருக்கக் கொடுத்து வைத்ததற்காக நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன், அந்தக் கூடத்துக்கும், ஜோதிக்கும், அந்த இரண்டு பெண்களுக்கும்.

பொம்மையின் கையைப் பிடித்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சண்முகத்தாய் பேசினார்.

"பால் குடிச்சாத்தான் தூங்குவா. தலைக்கு ஊத்துனா சளி பிடிச்சிரும், பாத்து ஊத்தணும். மொத ரெண்டு நாள் என்னயத் தேடி அளுவா, அதுக்கு நானும் கூட வந்து இருக்கேன். காலைல துணிமணிய எடுத்து வைக்கேன். பிள்ளையக் கூட்டிட்டுப் போ."

செம்பு பாதியில் நின்றது. செல்வியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை. பொம்மையைக் கீழே வைக்கப் போன நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க மதினி," என்றாள். "இன்னும் நேரம் ஆகல. கைய அப்பிடியே பிடிங்க."

மறுபடியும் மொண்டு ஊற்றினாள்.